மரை போன போல்ட்: அவுட்போர்டு மோட்டாரில் அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கடல் இல்லாத வேலூரில், படகின் பின்னால் மாட்டும் இன்ஜினான அவுட்போர்டு மோட்டாருக்கு என்ன வேலை என்று பலர் கேட்கிறார்கள். பாலாற்றில் பெரும்பாலும் மணல்தான் தெரியும். 2021 நவம்பரில் வந்தது போல இரு கரையும் தொட்டு ஓடுவதை அடிக்கடி பார்க்க முடியாது. ஆனால் ஏரிகள் இருக்கின்றன. மீன் குத்தகை எடுத்தவர்கள் துடுப்புப் போட்டுக் களைத்து, சென்னைக் கடற்கரைப் பக்கம் கழித்துவிட்ட பழைய மோட்டாரை வாங்கி வண்டியில் ஏற்றி வருகிறார்கள். மோட்டாரோடு அதற்குள் உறைந்த கடல் உப்பும் சேர்ந்து வருகிறது. காசிமேட்டுப் படகு பட்டறைகளில் ஒன்பது வருடம் கை கறுத்தவன் என்பதால், ஊர் திரும்பிப் பட்டறை போட்ட பிறகு இந்த மோட்டார்கள் என்னிடம்தான் வருகின்றன. பாதிக்கு மேல் ஒரே புகார்: மரை போய்விட்டது. மரை என்பது போல்ட்டிலும் அது ஏறும் ஓட்டையிலும் சுற்றி வெட்டியிருக்கும் திருகுப் பள்ளம்.

இங்கே சொல்வது எல்லாம் அவுட்போர்டுக்கு மட்டும் இல்லை. பெட்ரோல் பம்ப்செட், களை எடுக்கும் பவர் வீடர், பைக் என்று அலுமினிய உடம்பு உள்ள எந்த இன்ஜினுக்கும் பொருந்தும். இரும்புப் போல்ட்டும் அலுமினிய ஓட்டையும் சேர்ந்த இடத்தில் தோற்பது எப்போதும் அலுமினியம்தான்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டையைச் சுற்றி இருக்கும் சதைதான் உங்கள் கையிருப்பு. பட்டறையில் சதை என்று சொல்வது ஓட்டைக்கும் வார்ப்பின் வெளி விளிம்புக்கும் நடுவில் இருக்கும் அலுமினியத்தை. அவசரத்தில் செய்யும் ஒவ்வொரு வேலையும் அதில் கொஞ்சம் தின்றுவிடும். மரை போனதும் அடுத்த சைஸ் போல்ட்டை அடித்து ஏற்றியவர்கள் என்னிடம் வரும்போது, நல்ல வேலை செய்ய அங்கே சதையே மிச்சம் இருப்பதில்லை.

ஸ்பானரைத் தொடும் முன்

போல்ட்டின் சைஸைச் சரியாகச் சொல்லப் பழகுங்கள். நம் பக்கம் "பத்து நம்பர் போல்ட்" என்று கேட்டு வாங்குவார்கள். அது ஸ்பானர் நம்பர். தலையில் 10 நம்பர் ஸ்பானர் பிடிக்கும் போல்ட்டின் உடம்பு வழக்கமாக 6 எம்.எம்.தான். 12 அல்லது 13 நம்பர் பிடித்தால் உடம்பு 8. 14 அல்லது 17 பிடித்தால் 10. ஓட்டைக்குள் மரை வெட்டும் டேப் வாங்கவும் டிரில் பிட் வாங்கவும் உடம்பு அளவும் மரைக்கும் மரைக்கும் உள்ள இடைவெளியும் தெரிய வேண்டும். 6 எம்.எம். போல்ட்டில் இடைவெளி சாதாரணமாக 1.0, 8-ல் 1.25. 10-ல் மட்டும் கவனம் வேண்டும்: 1.5 உண்டு, 1.25-ம் உண்டு.

அப்புறம், மோட்டார் எந்த நாட்டுக் குடும்பம் என்று பாருங்கள். யமஹா, சுசூகி, டொஹாட்சு போன்ற ஜப்பான் மோட்டார்களில் எம்.எம். மரை. பழைய ஜான்சன், எவின்ரூட், மெர்க்குரி போன்ற அமெரிக்க மோட்டார்களில் இன்ச் மரை. மரை கேஜ் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் வராது. சிறிய சீப்பு போலப் பல தகடுகள் இருக்கும். போல்ட்டின் மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால், இடைவெளி தெரியாமல் பொருந்துகிற தகடுதான் உங்கள் அளவு.

அறிகுறி: போல்ட் இறுகுவது போல வந்து, திடீரென்று லேசாகிச் சும்மா சுற்றுகிறது

எல்லோரும் பார்த்திருக்கும் கேஸ் இது. கையில் வரும் அந்த உணர்வை மறக்க முடியாது. இறுக்கம் ஏறிக்கொண்டே வரும், இன்னும் கொஞ்சம் என்று கை போகும், அப்போது பிடி விட்டு வெண்ணெயில் சுற்றுவது போல ஆகிவிடும்.

உடனே நிறுத்துங்கள். போல்ட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். மரைப் பள்ளங்களில் ஸ்பிரிங் போல வெள்ளைச் சுருள் ஒட்டியிருந்தால் அது ஓட்டையின் மரை. அலுமினியம் உரிந்து போல்ட்டோடு வந்துவிட்டது. சுருள் இல்லாமல் போல்ட்டின் மரையே மழுங்கியிருந்தால் ஓட்டை தப்பித்திருக்கலாம். அதே சைஸ் புது நட் ஒன்றைப் போல்ட்டில் ஏற்றிப் பாருங்கள். ஆடினால் குற்றம் போல்ட்டில். புதுப் போல்ட்டைக் கையால் ஓட்டையில் ஏற்றிப் பாருங்கள். இந்த இரண்டு நிமிடச் சோதனையைச் செய்யாமல் டிரில் எடுத்தவர்கள் நல்ல ஓட்டையைக் கெடுத்திருக்கிறார்கள்.

ஓட்டைதான் போயிருக்கிறது என்றால், அடுத்து ஆழம் பாருங்கள். மெல்லிய கம்பியை உள்ளே விட்டு அளந்து, போல்ட்டின் நீளத்தோடு ஒப்பிடுங்கள். பல சமயம் பழைய போல்ட் ஓட்டையின் மேல் பாதியில்தான் பிடித்திருக்கும். அடியில் தொடாத மரை புத்தம் புதிதாகக் கிடக்கும். அப்படி இருந்தால் 5 எம்.எம். நீளம் கூடின போல்ட் போதும். அலுமினியத்தில் குறைந்தது போல்ட்டின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு மரை பிடித்திருக்க வேண்டும்: 6 எம்.எம். போல்ட்டுக்கு 9, 8-க்கு 12. அந்தப் பிடி கிடைத்தால் வேலை முடிந்தது, சதையும் செலவாகவில்லை. ஆனால் போல்ட் அடியில் போய் முட்டக் கூடாது. அது வேறு வியாதி, பின்னால் சொல்கிறேன்.

மரை முழுக்கப் போயிருந்தால் சரியான மருந்து ஹெலிகாயில். வைர வடிவக் குறுக்குவெட்டுள்ள ஸ்டெயின்லெஸ் கம்பியைச் சுருளாகச் சுற்றியது. ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கி, அதற்கென்றே இருக்கும் டேப்பை அடித்து, இந்தச் சுருளை உள்ளே ஏற்றினால் பழைய சைஸ் போல்ட்டே மறுபடி போகும். சுமை பெரிய பரப்பில் பரவுவதால், அலுமினியத்தில் நேராக அடித்த மரையை விட இது வலுவாகவே நிற்கும். ஒட்டுப்போட்ட வேலை என்று நினைக்காதீர்கள். விமான இன்ஜின்களில் புதிதாகச் செய்யும்போதே அலுமினிய ஓட்டைகளில் இதைப் போடுகிறார்கள்.

போன கோடையில் ஒரு ஏரிக் குத்தகைக்காரர் கொண்டு வந்த மோட்டாரில் தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூட்டுக்குத் தக்கபடி தண்ணீரை விடும் வால்வு) மூடியின் 6 எம்.எம். ஓட்டை இப்படிப் போயிருந்தது. அதைச் செய்த விதத்தையே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் மூடியைக் கழற்றி, கேஸ்கெட் முகத்தைச் சுத்தம் செய்தேன். பக்கத்தில் திறந்திருந்த தண்ணீர்ப் பாதையில் துணியைத் திணித்தேன். ஹெலிகாயில் பெட்டியில் 6 எம்.எம்.-க்கு 6.3 டிரில் என்று எழுதியிருந்தது. 8 எம்.எம்.-க்கு 8.3 அல்லது 8.4 வரும். உங்கள் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள், கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். பழைய ஓட்டையின் ஆழத்தை அளந்து, டிரில் பிட்டில் அந்த அளவுக்கு இன்சுலேஷன் டேப் சுற்றிக் குறி வைத்தேன். இந்தக் குறி இல்லாமல் இறக்கினால், அடியில் இருக்கும் மெல்லிய சுவரைத் துளைத்து, இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடும் ஜாக்கெட்டுக்குள் போய்விடும். அப்புறம் தலையில் கை வைத்து உட்கார வேண்டியதுதான்.

டிரில் நேராக இறங்குவதுதான் இந்த வேலையின் உயிர். கண்ணால் பார்த்து நேர் என்று நம்பாதீர்கள். நான் 20 எம்.எம். கனமுள்ள இரும்புத் துண்டு ஒன்றில் லேத்தில் நேராக ஓட்டை போட்டு வழிகாட்டியாக வைத்திருக்கிறேன். அதை முகத்தில் கிளாம்ப் போட்டுப் பிடித்து, ஓட்டைக்குள் பிட்டை விட்டால் சாய வழியே இல்லை. அது இல்லாதவர்கள் சிறிய மட்டப் பலகையை முன்னால் ஒரு முறை, பக்கவாட்டில் ஒரு முறை வைத்துப் பார்த்துக்கொண்டே இறக்க வேண்டும். டிரில் மெஷினை மெதுவான வேகத்தில் வையுங்கள்.

பிட்டின் பள்ளங்களில் கிரீஸ் தடவினேன், தூள் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். இரண்டு மூன்று எம்.எம். இறக்கி, வெளியே எடுத்து, துடைத்து, மறுபடி கிரீஸ். குத்தகைக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "இன்னா தம்பி, ஒரு சின்ன போல்டுக்கு இம்மாம் நேரமா?" என்றார். "அண்ணா, டிரில் ரெண்டு நிமிஷம்தான். நேரா நிக்க வைக்கத்தான் நேரம்" என்றேன்.

அப்புறம் டேப். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெயை விட நல்ல வெட்டு எண்ணெய் நான் பார்க்கவில்லை. கிடைக்காவிட்டால் துரு நீக்கும் ஸ்ப்ரே போதும். அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால். பின்னால் திருப்பும்போது தூள் முறிவது கையில் "டிக்" என்று தெரியும். கை கனத்தால் வலுக்கட்டாயம் செய்யாமல் முழுக்க வெளியே எடுத்துச் சுத்தம் செய்யுங்கள். அடி மூடிய ஓட்டை என்பதால் கடைசியில் நுனி கூம்பாத பாட்டம் டேப் விட்டு அடிவரை மரையை இறக்கினேன். சைக்கிள் பம்பால் ஊதித் தூளை வெளியேற்றினேன். ஊதும்போது கண்ணாடி போடுங்கள். அலுமினியத் தூள் கண்ணில் விழுந்தால் காந்தம் வைத்து எடுக்க முடியாது.

சுருளைக் கருவியில் மாட்டி, கீழே அழுத்தாமல் திருப்பிக்கொண்டே போனால் அது தானாக இறங்கும். அழுத்தினால் ஒரு மரை தாண்டி ஏறிவிடும். மேல் முகத்துக்குக் கீழே கால் சுற்று முதல் அரைச் சுற்று வரை உள்ளே போனதும் நிறுத்தினேன். முகத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் மூடி உட்காராது. சுருளின் அடியில் குறுக்காக ஒரு சிறிய நாக்கு இருக்கும். அதைக் கம்பிப் பஞ்ச் வைத்து ஒரே தட்டில் முறிக்க வேண்டும். முறிந்த துண்டைக் கட்டாயம் வெளியே எடுக்க வேண்டும். ஸ்டெயின்லெஸ் என்பதால் காந்தம் சரியாகப் பிடிக்காது. ஈர்க்குச்சியின் நுனியில் கிரீஸ் தடவி ஒட்டி எடுத்தேன். அந்தத் துண்டை வெள்ளைத் துணியில் வைத்து அவரிடம் காட்டினேன். உள்ளே எதுவும் கிடக்கவில்லை என்று அவருக்கும் தெரிய வேண்டும்.

கடல் தண்ணீர் பார்க்கும் மோட்டார் என்றால், சுருளை ஏற்றும் முன் அதன் வெளிப்பக்கத்தில், உலோகங்கள் ஒட்டி இறுகாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பேஸ்ட் தடவுங்கள். ஸ்டெயின்லெஸ்ஸும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் ஒன்றையொன்று தொட்டால் அலுமினியம் அரித்துக்கொண்டே போகும்.

அறிகுறி: போல்ட் கழலவே மறுக்கிறது, தலையைச் சுற்றி வெள்ளைப் பவுடர்

மரை இன்னும் போகவில்லை. நீங்கள் இப்போது செய்வதில்தான் அது போவதும் பிழைப்பதும் இருக்கிறது. அந்த வெள்ளைப் பவுடர் அலுமினியத் துரு. உப்பு நீரில் இரும்பும் அலுமினியமும் சேரும் இடம் சின்ன பேட்டரி செல் போல வேலை செய்து அலுமினியத்தைத் தின்கிறது. தின்றதில் உண்டாகும் பவுடர் பழைய உலோகத்தை விட அதிக இடம் பிடிக்கும், போல்ட்டைச் சிமென்ட் போல இறுக்கிவிடும். அப்படியே நீண்ட கைப்பிடி போட்டுத் திருகினால் இரண்டில் ஒன்று நடக்கும்: தலை எகிறும், இல்லை மரையை உரித்துக்கொண்டு வரும்.

துரு நீக்கும் எண்ணெய் விட்டு இரவு முழுக்க ஊற விடுங்கள். காலையில் போல்ட் தலையின் மேல் பித்தளைக் கம்பி வைத்துச் சுத்தியலால் நேராகச் சில தட்டு. அந்த அதிர்வில் பவுடர் நொறுங்கி எண்ணெய் உள்ளே இறங்கும். இதைப் பொறுமையாகச் செய்தாலே பாதி போல்ட்கள் அசைந்துவிடும்.

அசையாவிட்டால் சூடு. ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதனால் போல்ட்டைச் சுடாமல், சுற்றியிருக்கும் வார்ப்பைச் சுட வேண்டும். ஸ்டெயின்லெஸ் போல்ட் என்றால் அந்த வித்தியாசம் குறைவு, சூடு தரும் உதவியும் குறைவு. ஹாட் ஏர் கன் இருந்தால் அதுவே நல்லது. நெருப்புப் பிடிப்பதாக இருந்தால் பெட்ரோல் டேங்க், குழாய், கார்புரேட்டர் எல்லாவற்றையும் கழற்றித் தூரமாக வைத்த பிறகுதான். ஊற விட்ட எண்ணெயையும் துடைத்துவிடுங்கள். ஆயில் சீல் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அதிகம் சுடாதீர்கள், ரப்பர் கருகும்.

திருப்பும்போது முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை, பிறகு கழற்றும் பக்கம். அசைந்ததும் ஒரே மூச்சில் கழற்றாதீர்கள். கால் சுற்று கழற்றி, எண்ணெய் விட்டு, திரும்ப உள்ளே திருப்பி, மறுபடி கால் சுற்று. பவுடர் வெளியே வர இடம் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு போல்ட்டுக்கு முக்கால் மணி நேரம் செலவழித்திருக்கிறேன். மரை முழுசாகத் தப்பியது.

அறிகுறி: தலை எகிறிவிட்டது

முகத்துக்கு மேல் கொஞ்சமாவது நீட்டிக்கொண்டிருந்தால் கொடுத்துவைத்தவர். அதன் மேல் ஒரு சைஸ் பெரிய நட்டை வைத்து, நட்டின் ஓட்டைக்குள் வெல்டிங் வைத்து நிரப்பச் சொல்லுங்கள். இரும்பு வெல்டிங் அலுமினியத்தில் ஒட்டாது. வெல்டிங் சூட்டிலேயே போல்ட் பிடி விடும். சிவப்பு ஆறியதும், கை பொறுக்காத சூடு இருக்கும்போதே நட்டில் ஸ்பானர் போட்டு மெல்லத் திருப்பினால் வந்துவிடும். என் அனுபவத்தில் இதுதான் எல்லாவற்றையும் விட நம்பகமான வழி.

முகத்தோடு சமமாக உடைந்திருந்தால் நடுப்புள்ளியில் சென்டர் பஞ்ச் அடித்து, சிறிய பிட்டில் ஆரம்பித்துத் துளைக்க வேண்டும். நடு தவறினால் பிட் மென்மையான அலுமினியப் பக்கம் ஓடிவிடும். துளைத்த ஓட்டைக்குள் ஏற்றி உடைந்த போல்ட்டைத் திருகி எடுக்கும் எக்ஸ்ட்ராக்டர் போடுவது பற்றி என் கருத்து: துருப் பிடித்து இறுகிய சிறிய போல்ட்டுக்கு அதைப் போடவே போடாதீர்கள். அது கெட்டி எஃகு. உள்ளே உடைந்தால் சாதாரண பிட் எதுவும் அதைத் துளைக்காது.

அப்படி எக்ஸ்ட்ராக்டரோ டேப்போ உள்ளே உடைந்துபோய், அந்தப் பாகத்தைத் தனியாகக் கழற்ற முடியும் என்றால் படிகாரம் இருக்கிறது. லாங் பஜார் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அதே படிகாரம்தான். வெந்நீரில் கரையும் மட்டும் கரைத்து, பாகத்தை அதில் மூழ்கவிட்டுச் சூடாகவே வைத்திருந்தால் இரும்பை மெல்ல மெல்ல அரிக்கும், அலுமினியத்தை அவ்வளவாகத் தொடாது. ஒரு நாளில் முடியாது, நாட்கணக்கில் ஆகும். ஸ்டெயின்லெஸ்ஸுக்கு இது பலிக்காது. அவசரம் என்றால் மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் ஸ்பார்க் எரோஷன் மெஷின் வைத்திருப்பவரிடம் போக வேண்டியதுதான். ராணிப்பேட்டை சிப்காட் பக்கமோ அம்பத்தூரிலோ விசாரியுங்கள்.

அறிகுறி: இரண்டு சுற்று போய்ச் சிக்குகிறது

கோணலாக ஏறியிருக்கிறது, இல்லை வேறு மரை. ஸ்பானரைக் கீழே வையுங்கள்.

போல்ட்டை ஓட்டையின் வாயில் வைத்து, கழற்றும் பக்கம் விரலால் மெல்லத் திருப்புங்கள். மரையின் ஆரம்பம் ஆரம்பத்தில் விழும்போது சிறிய "க்ளிக்" தெரியும். அங்கிருந்து இறுக்கும் பக்கம் திருப்பினால் நேராக ஏறும். இனி எந்தப் போல்ட்டையும் முதல் நான்கைந்து சுற்று விரலால் மட்டுமே ஏற்றுங்கள். மரை போய் வரும் மோட்டார்களில் பெரும்பாலானவை முதல் சுற்றிலேயே ஸ்பானர் பட்டவை.

விரலாலும் சிக்கினால் மரை கேஜ் எடுங்கள். 5/16 இன்ச் போல்ட்டின் விட்டம் 7.94 எம்.எம். கண்ணுக்கு அது 8 எம்.எம். போல்ட்தான். இன்ச்சுக்கு 18 மரை என்றால் இடைவெளி 1.41, ஓட்டையில் இருப்பதோ 1.25. இரண்டு சுற்று இடம் கொடுக்கும், மூன்றாவதில் வெட்ட ஆரம்பிக்கும். இதை விட ஆபத்தானது 3/8 இன்ச், 16 மரை. அதன் விட்டம் 9.53, இடைவெளி 1.59. 10 எம்.எம்., 1.5 இடைவெளி ஓட்டையில் சிக்காமல் தளர்வாகப் போய்விடும், இறுக்கும்போது கொஞ்ச மரை மட்டும் சுமை தாங்கி உரியும். சாமான் டப்பாவில் அமெரிக்க மோட்டார் போல்ட்டையும் ஜப்பான் மோட்டார் போல்ட்டையும் ஒன்றாகப் போட்டு வைக்காதீர்கள்.

கோணலில் கொஞ்சம்தான் கெட்டிருந்தால், சரியான டேப்பின் முதல் பீஸை எண்ணெய் விட்டுக் கையால் ஓட்டினால் மரை நிமிர்ந்துவிடும்.

அறிகுறி: போல்ட் நன்றாக இறுகியிருக்கிறது, ஆனால் மூடி ஆடுகிறது அல்லது ஒழுகுகிறது

போல்ட் அடியில் முட்டிக்கொண்டிருக்கிறது. நீளமான போல்ட் மாறிப் போயிருக்கும், இல்லை ஓட்டைக்குள் தூளோ எண்ணெயோ தேங்கியிருக்கும். எண்ணெய் தேங்கிய மூடிய ஓட்டையில் போல்ட்டை இறுக்கினால் எண்ணெய்க்கு ஓட இடம் இல்லாமல் வார்ப்பே பிளக்கும். துடைத்து, அளந்து, சரியான நீளம் போடுங்கள். அவ்வளவுதான்.

கியர் கேஸ் டிரெய்ன் ஸ்க்ரூ பக்கம் கசிந்தால், அல்லது கியர் ஆயில் பால் கலந்த டீ போல இருந்தால், முதலில் வாஷரை மாற்றுங்கள். அங்கே அடைப்பது மரை இல்லை, வாஷர்தான். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் புது வாஷர். இந்த இடத்தில் மரை போயிருந்தால் ஹெலிகாயிலை விடக் கெட்டிப் புஷ், அதாவது உள்ளேயும் வெளியேயும் மரை வெட்டிய உலோகக் குழல்தான் என் விருப்பம். கம்பிச் சுருளின் இடுக்கு வழியாகத் தண்ணீர் மெல்ல ஏறும். வாஷர் மாற்றியும் பால் நிறம் வந்தால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் சீலைப் பாருங்கள்.

அறிகுறி: ஸ்பார்க் பிளக் மரையோடு வந்துவிட்டது

பல அவுட்போர்டுகளில் பிளக் மரை 14 எம்.எம்., இடைவெளி 1.25. சிறிய பைக்குகள் பலவற்றில் 10 எம்.எம். ஹெட்டைத் தனியாகக் கழற்ற முடிந்தால் கழற்றியே செய்யுங்கள். தூள் சிலிண்டருக்குள் விழுந்தால் பிஸ்டனையும் சிலிண்டரையும் கீறிவிடும். கழற்ற முடியாத மோட்டார் என்றால், பிஸ்டனை மேலே கொண்டுவந்து போர்ட்டுகளை மூடி, டேப் பிஸ்டனைத் தொடாத ஆழம் பார்த்து, ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் கிரீஸ் மாற்றி, கடைசியில் வேக்குவம் போட்டு உறிஞ்ச வேண்டும். புதியவர்கள் இதில் கை வைக்காமல் லேத் பட்டறைக்குக் கொண்டுபோவதே நல்லது.

புதுப் பிளக்கை விரலால் உட்கார வைத்த பிறகு, தட்டை வாஷர் உள்ள 14 எம்.எம். பிளக்குக்கு அரை முதல் மூன்றில் இரண்டு பங்கு சுற்று போதும். சூடான இன்ஜினில் பிளக் கழற்றாதீர்கள். நம்மூர் அக்னி நட்சத்திர வெயிலில் இன்ஜின் ஆற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், காத்திருங்கள்.

அறிகுறி: போட்ட ஹெலிகாயிலே போல்ட்டோடு வெளியே வந்துவிட்டது, அல்லது ஓட்டை விளிம்பில் விரிசல்

சுருள் வந்துவிட்டது என்றால் டிரில் பெரிதாகிவிட்டது, அல்லது டேப் ஆடிவிட்டது. இன்னும் சதை இருந்தால் லேத்தில் கெட்டிப் புஷ் கடைந்து போடலாம். 8 எம்.எம். போல்ட்டுக்கு வெளியே 12 எம்.எம். மரை, உள்ளே 8 எம்.எம். மரை. கழலாத வகை லாக்டைட் (மரையை ஒட்டும் பசை) தடவி ஏற்றி, ஒரு நாள் விட்டுவிட்டு, முகத்தோடு சமமாகத் தேய்க்க வேண்டும். லாக்டைட் பிடிக்க மரை இரண்டு பக்கமும் எண்ணெய்ப் பசை இல்லாமல் இருக்க வேண்டும், தின்னர் விட்டுக் கழுவுங்கள்.

விரிசல் இருந்தால், அல்லது புஷ் போடச் சதை இல்லாவிட்டால் ஆர்கன் வெல்டிங்தான். ஓட்டையை அலுமினியத்தால் நிரப்பி, முகத்தை மெஷினில் சமம் செய்து, புதிதாக ஓட்டை போட வேண்டும். வருடக்கணக்கில் எண்ணெயும் உப்பும் குடித்த வார்ப்பு வெல்டிங்கில் நுரை விட்டுக் குமிழும். பளபளக்கும் வரை சுரண்டி, சூடு காட்டி எண்ணெயைக் கக்க வைத்த பிறகு வெல்டிங் செய்யத் தெரிந்த ஆளிடம் மட்டும் கொடுங்கள்.

ஓட்டை மறுபக்கம் திறந்திருந்து, கையும் நுழையும் என்றால் இதெல்லாம் வேண்டாம். நீளப் போல்ட் போட்டுப் பின்னால் நட் வையுங்கள்.

எப்பாக்ஸி பசையை ஓட்டையில் நிரப்பி மரை எடுப்பதைப் பற்றிக் கேட்கிறார்கள். பெயர்ப் பலகை தாங்கும் போல்ட்டுக்குச் சரி. ஹெட், எக்ஸாஸ்ட், கியர் கேஸ் என்று சூடும் அழுத்தமும் உள்ள இடத்தில் அது நிற்காது. அடுத்து வேலை செய்பவருக்கு அந்தப் பசையைச் சுரண்டி எடுப்பதே பெரிய தண்டனை.

திரும்பப் பூட்டும்போது

முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் 6 எம்.எம். போல்ட்டில் கை வைக்காதீர்கள் என்று என்னிடம் வேலை பழகும் பையன்களுக்குச் சொல்வேன். அலுமினியத்தில் 6 எம்.எம்.-க்குப் பொதுவாக 10 நியூட்டன் மீட்டர் பக்கம், 8-க்கு 20 பக்கம். உங்கள் மோட்டாரின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுவே சரி. நீண்ட ஸ்பானரில் முழுக் கையால் இழுத்தால் 10 நியூட்டன் மீட்டர் தாண்டுவது நமக்குத் தெரியவே தெரியாது. ஆன்டி-சீஸ் தடவிய போல்ட்டுக்கு அந்த எண்ணில் கால் பங்கு வரை குறையுங்கள். வழவழப்பில் அதே முறுக்கு போல்ட்டை அதிகம் இழுக்கும்.

துத்தநாகக் கட்டி, அதாவது அனோடு, மோட்டாரில் இருக்கிறதா பாருங்கள். அலுமினியத்துக்குப் பதில் தான் கரைவதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். அழகுக்காகப் பெயின்ட் அடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பெயின்ட் அடித்தால் அது வேலை செய்யாது. துத்தநாகம் கடலுக்கு. ஏரி, குளத்து நல்ல தண்ணீருக்கு மக்னீசியம் அனோடு பொருத்தம். கடலில் இருந்து நம் ஏரிக்கு வந்த மோட்டாரில் இதை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

குத்தகைக்காரர் மோட்டாரை 200 லிட்டர் டிரம்மில் தண்ணீர் நிரப்பி மாட்டி ஓட்டினேன். தண்ணீர் இல்லாமல் ஒரு நொடி கூட ஓட்டக் கூடாது, பம்ப் இம்பெல்லர் கருகிவிடும். பத்து நிமிடம் ஓடிச் சூடேறியதும் தெர்மோஸ்டாட் மூடியைச் சுற்றி உலர்ந்த துணியால் துடைத்துப் பார்த்தேன், ஈரம் இல்லை. அணைத்து, முழுக்க ஆற விட்டு, புதுச் சுருளில் இருந்த போல்ட்டை மட்டும் டார்க் ரெஞ்சால் ஒரு முறை சோதித்தேன். அசையாமல் "டக்" என்றது. மூடியின் மற்ற மூன்று போல்ட்டும் நல்ல மரையோடு இருந்தும், அவற்றுக்கும் ஆன்டி-சீஸ் தடவித்தான் பூட்டியிருந்தேன். அடுத்த வருடம் இம்பெல்லர் மாற்ற வரும்போது தெர்மோஸ்டாட்டையும் திறந்து பார்க்க வேண்டும், அப்போது அவையும் சுலபமாகக் கழல வேண்டும்.